சிவப்பு ஜிகினா

கழுதைக்கார அக்கா எங்கே என்று கேட்டால், அந்த விலங்குப் பூங்காவில் டிக்கெட் கிழிப்பவர் முதல் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் வரை எல்லாரும் ஒரே திசையில் கையைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, "கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். கழுதையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று வந்தவர் நினைத்துக்கொள்வார். இல்லை, அது அக்காவைப் பற்றிய எச்சரிக்கை.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அதைப் பூசி மெழுகி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் ஒரு சலவைக்கடையில் வேலை பார்த்தாள். கறை போகாத போர்வையை அப்படியே மடித்து வைக்கச் சொன்னார் முதலாளி. மடிக்கிறேன் என்று சொல்லி, அதை அவர் மேசையில், அவர் குடித்துக்கொண்டிருந்த டீக்கு மேலேயே விரித்துவிட்டாள். அடுத்தது ஒரு பள்ளிக்கூடம். அவள் துடைத்து முடித்த ஈரத் தரையில் செருப்போடு நடந்துபோன தலைமை ஆசிரியரை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வந்த வழியே திரும்பி நடக்க வைத்தாள். பிறகு ஓர் ஓட்டல் சமையலறை. அங்கே என்ன நடந்தது என்று அவளும் சொல்வதில்லை, ஓட்டல்காரரும் சொல்வதில்லை. ஒரு பெரிய கரண்டி வளைந்துபோனது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று இடத்திலும் அவளை அனுப்பும்போது ஒரே வசனம்தான். "நல்ல வேலைக்காரிதாம்மா, ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு யாரும் எதையும் சொல்லி முடித்ததில்லை. கையை விரிப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலை சூடாகிவிடும்.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதர். அவள் எரிந்து விழும்போதெல்லாம் அவர் வாயில் எப்படியோ ஊசி இருக்கும். பதில் சொல்ல முடியாது பாருங்கள். புத்திசாலி.

பூங்காவுக்கு அவள் பெருக்கும் வேலைக்குத்தான் வந்தாள். கழுதைப் பட்டி பக்கம் போக ஆள் இல்லாமல் இருந்ததால் அவளை அங்கே தள்ளிவிட்டார்கள். அங்கே இரண்டு கழுதைகள். பெண் கழுதைக்குப் பெயர் சாது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. ஆண் கழுதை வந்த நாளிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தவிடு கொஞ்சம் தாமதமானால் வாளியை எட்டி உதைத்து, கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்த்தது. அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். அவளுக்கும் அதற்கும் ஒத்துப்போயிற்று. அவள் திட்டுவாள், அது காதை மடக்கிக்கொள்ளும். அது உதைக்கும், அவள் நகர்ந்துகொள்வாள். அப்புறம் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள். அவள் வேலை பார்த்த இடங்களிலேயே மனசுக்கு நிம்மதியான இடம் அதுதான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரே வாரத்தில் எல்லாம் மாறியது. பழைய மேனேஜர் போய்ப் புது மேனேஜர் வந்தார். பட்டிக்குப் புது இரும்புக் கதவு வந்தது. குழந்தைகளைச் சுமந்து சுற்றிவந்த குள்ளக் குதிரைக்கு வயதாகிவிட்டதென்று, அந்த வேலைக்குச் சாதுவை ஓட்டிப்போய்க் கிடங்குக்குப் பின்னாலிருந்த வட்டத்தில் விட்டார்கள். அதிலிருந்து மாப்பிள்ளையின் போக்கே சரியில்லை. புல்லுக்கட்டு கொண்டுவந்தவரின் தோளைக் கடித்தது. தள்ளுவண்டியை உதைத்து நசுக்கியது. கடைசியில், விருந்தாளிகளுக்குப் பட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த மேனேஜரையே பின்பக்கமாக ஓர் உதை. பாவம், ஒரு வாரம் அவர் நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "அந்த ஆளை எனக்கும் பிடிக்கல, அதுக்கும் பிடிக்கல" என்று வீட்டில் சொன்னாள். கணவர் வாயில் ஊசி இருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனாலும் உதை வாங்கியவருக்கு உதை வாங்கியவரின் நியாயம். அவர் அக்காவைக் கூப்பிட்டு, சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னார்.

"நல்ல கழுதைதாம்மா, ஆனா..."

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் இந்த முறை வாக்கியத்தை முடிக்கவும் செய்தார். ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைக்காரர் சுமை தூக்கக் கழுதை கேட்கிறாராம். லாரி அனுப்புவாராம்.

அந்தச் சமயத்தில்தான் கால்நடை டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். சின்ன வயது, பெரிய பூட்ஸ், எந்த மிருகத்தின் விட்டையைப் பார்த்தாலும் முகம் மலரும் பெண். முரட்டு மிருகங்களின் ஹார்மோன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டு, "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம் சார்" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"ரத்தம் எடுக்கணுமா?" என்று கேட்டாள் அக்கா.

"வேண்டாம்க்கா. ஊசியைப் பாத்தாலே அதுக்குக் கோவம் வந்துடும். அப்புறம் நான் எந்தக் கோவத்தை அளக்கறது? விட்டை போதும்."

உடம்பில் ஹார்மோன் தன் வேலையை முடித்ததும் ஈரல் அதை உடைத்துப்போடும், அந்த உடைசல் விட்டையோடு வெளியே வரும், அதை அளந்தால் உள்ளே ஓடியது எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்று டாக்டரம்மா விளக்கினாள். ஒருவர் வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்து அவர் என்ன சாப்பிட்டார் என்று கண்டுபிடிப்பதுபோல. அக்காவுக்கு அது உடனே புரிந்தது. தெருவில் பாதிப் பேரைப் பற்றி அவள் அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தாள்.

"ஆண் ஹார்மோன் கூட இருந்தா முரடு, கொறச்சலா இருந்தா சாது. அப்படித்தானே?" என்றார் மேனேஜர்.

"அவ்ளோ நேரா இருக்காது சார்..." என்று ஆரம்பித்தாள் டாக்டரம்மா.

அவர் காதில் தான் சொன்னதுதான் இருந்தது. "கூட இருந்தா லாரி ஏத்திடுவேன். இல்லேன்னா யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

டாக்டரம்மா அக்காவிடம் ஒரு டப்பா நிறைய சிவப்பு ஜிகினாத் தூளைக் கொடுத்தாள். தின்றால் ஒன்றும் செய்யாத ஜிகினா. மாப்பிள்ளையின் தவிட்டில் தினமும் ஒரு கரண்டி கலக்க வேண்டும். மறுநாள் விட்டை மினுக்கும். மினுக்குவதை மட்டும் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பல பூங்காக்களிலிருந்து பைகள் வருவதால் ஒன்றோடு ஒன்று மாறிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. இன்னோர் இடத்து ஆட்டுக்கடாவுக்கு நீலம், இங்கே மாப்பிள்ளைக்குச் சிவப்பு.

அக்கா டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். சோதனை என்ன சொல்லும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். அத்தனை கோபமும் உடம்புக்குள் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? அவளுக்கே அப்படித்தானே. தன்னை யாராவது பையில் போட்டு அளந்திருந்தால் சலவைக்கடையில்கூடச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சூளையில் மாப்பிள்ளை வாளியை உதைத்தால், நகர்ந்துகொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? தடிதான் இருக்கும்.

ஆகவே அக்கா என்ன செய்தாள் என்றால், சிவப்பு ஜிகினாவைச் சாதுவின் தவிட்டில் கலந்தாள்.

தப்புத்தான். தப்பு என்று அவளுக்கும் தெரியும். பூங்காவிலேயே ஹார்மோன் குறைவான பிராணி எது என்று யாரைக் கேட்டாலும் சாதுவைத்தான் காட்டுவார்கள், அதற்கு டாக்டர் வேண்டாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு விஷயத்தை மட்டும் அவள் யோசிக்கவில்லை. மறுநாள் குழந்தைகள் நிறைந்த வட்டத்தில், நல்ல வெயிலில், சாது வாலைத் தூக்கியது.

"அம்மா, கழுதை ஜிகினா போடுது" என்று முதுகில் உட்கார்ந்திருந்த சிறுமி அறிவித்தாள். வரிசையில் நின்ற குழந்தைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தைக்கு அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமாம், ஒரே அழுகை.

"வெயிலு கண்ணு, வெயிலு பட்டா எல்லாம் மினுக்கும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா குப்பை முறத்தோடு ஓடினாள். அதற்குப் பிறகு தினமும் வட்டம் திறப்பதற்கு முன்பே வந்து, சாதுவின் பின்னாலேயே பையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாது திரும்பித் திரும்பிப் பார்த்தது. இத்தனை மரியாதை அதற்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

முடிவைச் சொல்ல டாக்டரம்மா நேரிலேயே வந்தாள். மேனேஜர் அறைக்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஆண் ஹார்மோன் எக்கச்சக்கமா இருக்கு சார்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாதுவுக்கா? வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத சாதுவுக்கா?

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று மேனேஜர் போனை எடுத்தார். "லாரிய நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

"கொஞ்சம் இருங்க சார். இவ்ளோ இருக்கேன்னு எனக்கே சந்தேகம் வந்து, மத்த ஹார்மோனையும் பாத்தேன். அதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டேன்." டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்க மாப்பிள்ளை மாசமா இருக்கார்."

மேனேஜரின் கீழிருந்த தலையணை ஒன்று நழுவியது.

"யாரு?" என்றார் மேனேஜர்.

"மாப்பிள்ளை."

"ஆம்பளைக் கழுதை?"

"ரிசல்ட் அப்படித்தான் சொல்லுது. எங்க லேப்லயே பை மாறியிருக்கலாம். எங்க தப்பாத்தான் இருக்கணும், மன்னிச்சுக்கோங்க."

அக்காவுக்கு வழி திறந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் பழி லேப் தலையில் விழும், அவள் வேலை தப்பிக்கும். ஆனால் மேனேஜர் போனைக் கீழே வைக்கவில்லை. "அப்ப இந்தச் சோதனையை நம்பிப் பிரயோஜனம் இல்ல. நான் உதை வாங்கினது நிஜம். லாரி வரட்டும்" என்று எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

"லேப் தப்பு இல்லீங்க சார்" என்றாள் அக்கா. "என் தப்பு. ஜிகினாவைச் சாதுவுக்குப் போட்டுட்டேன்."

மேனேஜரின் விரல் அப்படியே நின்றது. "தெரியாமயா?"

"தெரிஞ்சேதான்." சொல்ல ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "மூணு எடத்துல 'நல்ல வேலைக்காரிதான், ஆனா'ன்னு சொல்லி என்னை அனுப்பிட்டாங்க சார். நீங்க அந்தக் கழுதையையும் அதே மாதிரி சொன்னீங்க. எனக்குப் பொறுக்கல. கோவக்காரங்களையெல்லாம் சூளைக்கு அனுப்பணும்னா மொதல்ல என்னை அனுப்புங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?" குரல் உடைந்தது. அவள் அழுது அந்தப் பூங்காவில் யாரும் பார்த்ததில்லை. மேனேஜருக்குத் திட்டுவதா தண்ணீர் கொடுப்பதா என்று தெரியவில்லை. முகம் சிவக்கத் திட்டவே முடிவுசெய்து வாயைத் திறந்தார்.

ஆனால் டாக்டரம்மா இவர்கள் இரண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. "சாதுவா?" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்போ சாதுதான் சினையா?" அடுத்த நொடி பூட்ஸ் சத்தம் வராந்தாவில் தடதடத்தது. திட்டும் ஆளும் திட்டு வாங்கும் ஆளும் வேறு வழியில்லாமல் அவள் பின்னால் ஓடினார்கள்.

சாது வட்டத்தின் நடுவில் தேமேயென்று நின்றது. டாக்டரம்மா அதன் வயிற்றைத் தடவினாள், அழுத்தினாள், காதை வைத்துக் கேட்டாள். குழந்தைகள் கேரட்டை ஊட்டி ஊட்டிப் பெருத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த வயிறு அது. இத்தனை வருஷம் பிடிக்காத சினை இனிமேலா பிடிக்கப்போகிறது என்று யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

"சந்தேகமே இல்ல. குட்டிதான்" என்றாள் டாக்டரம்மா. "அந்த ஹார்மோன் பூராவும் உள்ள இருக்கிற குட்டியோட வேலை. அவ்ளோவையும் வெச்சுக்கிட்டு இவ பாட்டுக்குக் குழந்தைங்களைச் சுமந்துட்டு இருந்திருக்கா பாருங்க சார்." பிறகு நிமிர்ந்தாள். "இவளை எப்போ இந்தப் பக்கம் கொண்டாந்தீங்க?"

"நான் வந்த வாரம்" என்றார் மேனேஜர்.

"மாப்பிள்ளை முதல்ல கடிச்சது?"

"அதுவும் நான் வந்த..." மேனேஜர் பாதியில் நிறுத்தினார்.

கிடங்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல, மாப்பிள்ளையின் கத்தல் கேட்டது. சாது காதை நிமிர்த்தியது. தினமும் கேட்ட கத்தல்தான். பசிக்குக் கத்துகிறது என்று அக்கா இத்தனை நாளும் கூடுதலாகத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா அசடு வழிய நின்றாள். "உங்களைன்னு நெனச்சேன் சார்."

"என்னை என்ன?"

"உங்களைப் பிடிக்காமத்தான் அப்படிப் பண்ணுதுன்னு."

மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "என்னை யாருக்குமே பிடிக்கலேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அக்கா சாதுவின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தாள். டாக்டரம்மாதான் பேச்சை மாற்றினாள். கோபம் எல்லாமே ஹார்மோனிலிருந்து புறப்படுவதில்லை, சில நேரம் கோபம் வந்த பிறகுதான் ஹார்மோனே ஏறும், அளக்கிறபோது யாரை யாரிடமிருந்து பிரித்தோம் என்பதையும் கேட்க வேண்டும், அதை நானும் கேட்க மறந்துவிட்டேன் என்று சொன்னாள்.

அன்று பிற்பகலே சாதுவைப் பழைய பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மேனேஜர் மட்டும் பாதுகாப்பாக இரும்புக் கதவுக்கு வெளியே நின்றார். மாப்பிள்ளை பாய்ந்து வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். அது வரவில்லை. மெதுவாக நடந்து வந்து, சாதுவின் கழுத்தின்மேல் தன் தாடையை வைத்துக்கொண்டு, அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. அக்காவுக்கு மறுபடியும் கண் கலங்கியது, இந்த முறை துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நாளைக்கு லாரி வேண்டாம்" என்று மேனேஜர் போனில் சொல்வது அவள் காதில் விழுந்தது. பேசி முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உங்களையும் அனுப்பல. ஆனா" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக முடித்தார், "இனிமே நீங்க விட்டை எடுக்கும்போது கூட நான் நிப்பேன்."

நின்றார். காலை வேளையில் டை கட்டிக்கொண்டு, பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஜிகினா இந்த முறை போக வேண்டிய வாய்க்குத்தான் போனது. முடிவு வந்தபோது மாப்பிள்ளையின் ஹார்மோன் எல்லா ஆண் கழுதைகளையும்போலச் சாதாரணமாக இருந்தது. "முதல்லயே இவர் தவிட்டுல போட்டிருந்தீங்கன்னா இவ்ளோ கூத்தே இல்லக்கா" என்றாள் டாக்டரம்மா. பிறகு தானே யோசித்து, "போட்டிருந்தா சாது நிறைமாசத்துலயும் குழந்தைங்களைச் சுமந்துட்டு இருந்திருப்பா" என்றும் சொன்னாள். அக்கா இதில் இரண்டாவது பாதியை மட்டும் தெரு முழுக்கச் சொன்னாள்.

உண்மை வெளிவந்த அன்று மாலையே அவள் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள். கணவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்னை அனுப்பலீங்க" என்று முடித்தாள். "இவ்ளோ பண்ணியும் அனுப்பல. இப்படி ஒரு எடமும் இருக்கு பாருங்க."

அவர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏம்மா, நான் மட்டும் அனுப்பிட்டேனா?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கை அவள் பார்த்ததே இல்லை. உடனே எரிந்து விழ ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. "டீ ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரேன்" என்று உள்ளே போனாள்.

சாது குட்டி போட்ட காலையில் எல்லாரும் பட்டியில் கூடினார்கள். மாப்பிள்ளையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தார்கள். அது இரும்புக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து வைத்திருந்தது. குட்டி நான்கு கால்களையும் நான்கு திசையில் வைத்துக்கொண்டு ஆடி ஆடி எழுந்து நின்றது. புதுக் கால்சட்டையில் வந்த மேனேஜர் ஆசையாகக் குனிந்து அதன் முதுகைத் தொட்டார். குட்டி இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவர் முழங்காலில் ஓர் உதை விட்டது.

மேனேஜர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்ல குட்டிதான், ஆனா..."

அக்கா திரும்பினாள். டாக்டரம்மா திரும்பினாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் பார்த்தது.

"ஆனா, அப்பன் அளவுக்கு இன்னும் பலம் வரல" என்றார் மேனேஜர்.

அக்கா காலி வாளி ஒன்றைக் கவிழ்த்து, மேற்புறத்தைக் கையால் துடைத்து, அவர் உட்கார அருகில் போட்டாள்.